ஒற்றை எஞ்சின் ஓட்டம்

சென்ற மாதம் பட்டறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு கோடை கழிந்துவிட்டன, இனி என்னை யார் தேடப்போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். படகுகளுக்குப் புரொப்பெல்லர் தேர்ந்தெடுக்க ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். படகின் நீளம், எடை, எஞ்சினின் குதிரைவலு எல்லாம் கொடுத்தால் எது பொருந்தும் என்று அது சொல்லிவிடும். எனக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. நான் தலையைச் சொறிந்து சொறிந்து போட்ட கணக்கை அது நொடியில் போடுகிறது, போடட்டும். கடைசிப் பந்தியில்தான் விஷயம் இருந்தது. ஓட்டச் சோதனைப் படிவத்தின் கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். இரட்டை எஞ்சின் படகு என்றால், முழு ஏற்றத்தோடு, ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு, நீரோட்டத்துக்கு எதிராக ஓட்டிப் பார்க்கவேண்டும் என்ற வரி அது. வேறு பட்டறைகளில் அப்படி ஒன்று இல்லை, அதற்கு முக்கால் மணித்தியாலம் போகிறது, வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். "அதை நீங்கள்தானே சேர்த்தீர்கள்? காரணம் இங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு பேருக்குத் தெரியும். அந்த வரிக்குப் பின்னால் ஒருவருடைய நல்ல பெயர் கெட்டுப்போய்க் கிடக்கிறது. அதைக் கெடவிட்டவன் நான். ஆகவே பதிலைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

நான் திருகோணமலை. ஊரில் மீனவர் சங்கத்துப் பட்டறையில் படகு எஞ்சின்கள் திருத்தினேன். இங்கே வந்து கோப்பை கழுவினேன், பெட்டி தூக்கினேன், பிறகு மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இந்தப் பட்டறையில் புரொப்பெல்லர் இதழ்களுக்குச் சாணை பிடிக்கும் வேலை கிடைத்தது. சில வருடம் சாணை, சில வருடம் வெல்டிங், பிறகு தேர்வும் சோதனையும். பயிற்சிக்காலம் இவ்வளவுதான், அதில் கதை ஒன்றும் இல்லை. தவராசா, எங்கட ஆட்களுக்குத் தவம்; பட்டறையில் அவர்கள் முழுதாகச் சொல்ல முடியாமல் 'தவா' ஆக்கினார்கள். ஒரு வருடம் கழித்து நானே தொலைபேசியில் தவா என்று சொல்லத் தொடங்கிவிட்டேன்.

பட்டறையின் பொறுப்பாளர் மதாம் நிக்கோல். இங்கே மேலதிகாரியை யாரும் மதாம் என்று கூப்பிடுவதில்லை, வெறும் பெயர்தான். எனக்கு வாய் வரவில்லை. "எனக்குப் புருஷனே இல்லை, நீ என்னை மதாம் ஆக்கிவிட்டாய்" என்று முதல் நாளே சலித்துக்கொண்டார். அவர் பேசியது பிரெஞ்சு; என் தமிழில் தருகிறேன். ஒல்லியான மனுஷி, குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர. யாரையும் பாராட்டமாட்டார். வேலை திருப்தி என்றால் மேலங்கிப் பையிலிருந்து ஒரு அப்பிளை எடுத்துக் கடிப்பார். அந்தக் கடிக்கும் சத்தத்துக்காக நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

அவருடைய முறையைச் சொல்லவேண்டும். இரட்டை எஞ்சின் படகில் ஒரு புரொப்பெல்லர் வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். ஒன்று படகைத் திருப்பப் பார்த்தால் மற்றது பிடித்து நேராக்கும். அந்தச் சோடியை மேசையில் வைத்து ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் உள்ளங்கையை ஓட்டுவார். பிறகு படகில் ஆளுக்கு ஒரு மணல் மூட்டை ஏற்றுவோம். பத்து பேர் போகும் படகு என்றால் பத்து மூட்டை. ஆற்றின் ஒரே துண்டில் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை ஓடவேண்டும். கீழே போகும்போது வரும் வேகத்தை மட்டும் எழுதினால் திட்டு விழும். "ஆறு தந்ததை எஞ்சினின் பெயரில் எழுதாதே" என்பார். எண்களை எழுதிக்கொண்டு போய் நீட்டினால் ஒரே ஒரு கேள்வி: "ஏற்றத்தோடா?" இருபது வருடம் வேலை செய்தவனிடமும் அதே கேள்விதான். ஓம் என்றால் கையெழுத்து. கடைசியாக, அந்தப் படகு வேலைக்குப் போகும் முதல் ஓட்டத்தில் தானும் ஏறி, பின்பலகையில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அதிர்வு சரியா என்று கை சொல்லுமாம்.

இனி சூசை. மன்னார், பேசாலை. கடலிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், என்னைவிட எட்டு வயது இளையவர். இங்கே பல வேலை பார்த்து, உரிமப் பரீட்சை எழுதி, இரண்டு எஞ்சின் பூட்டிய ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கியிருந்தார். ஆற்றின் நடுவில் ஒரு பாலத்தூண் திருத்தும் வேலை நடந்தது. அதற்காக ஒரு பெரிய இரும்பு மிதவையை நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். கரையிலிருந்து வேலையாட்களை அங்கே கொண்டுபோய் விடுவதுதான் சூசையின் ஒப்பந்தம். அதுவே அவருடைய முதல் பெரிய வேலை.

ஒரு சனிக்கிழமை காலை வந்து நின்றார். பட்டறை பூட்டு, மதாம் நிக்கோல் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், நான் மட்டும் கருவிகள் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன்.

"தவம் அண்ணை, எஞ்சின் ரெண்டும் கத்துற கத்தல் கேட்கேலாது. ஆனா போட் போகுதில்லை. திங்கட்கிழமையிலேருந்து எட்டு நிமிசத்துக்குள்ள ஆக்களைக் கொண்டுபோய் இறக்கோணுமாம். இல்லாட்டி வேற போட் பாக்கிறன் எண்டு ஃபோர்மன் சொல்லிப்போட்டான்."

"பிட்ச் கூட்டினாச் சரிவரும். ஆனா ஏத்தத்தோட ஓடிப் பாக்கோணும். செவ்வாய்க்கிழமை கொண்டு வாரும்."

"செவ்வாய்க்கிழமை வேலை வேற ஆளிட்டப் போயிடும் அண்ணை. எங்கட ஆள் எண்டுதானே உங்களிட்ட வந்தனான்."

எங்கட ஆள். அந்தச் சொல்லுக்கு நான் எப்போதும் இளகிவிடுவேன், அது என் பலவீனம். பிட்ச் என்றால், மரத்தில் திருகாணி இறங்குவது போல, புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற கணக்கு. அது கூடினால் வேகம் கூடும், எஞ்சினுக்குப் பாரமும் கூடும். கியர் வைத்த சைக்கிளில் பெரிய பல்லில் போட்டு மிதிப்பது மாதிரி. சமதரையில் பறக்கலாம், மேட்டில் முழங்கால் மடங்கிவிடும். சூசையின் படகில் பதினைந்து இருந்தது. நான் பத்தொன்பது எடுத்துப் பூட்டினேன்.

ஓடிப் பார்த்தோம், நானும் அவரும் மட்டும். மணல் மூட்டைகள் பூட்டிய களஞ்சியத்தில், அதன் திறப்பு மதாம் நிக்கோலிடம். படகு பறந்தது. முன்பைவிட ஐந்து நொட் வேகம் கூட. எஞ்சினை முழுதாக முடுக்கியபோது நிமிஷத்துக்கு ஐயாயிரத்து நானூறு சுற்று, எஞ்சின் செய்தவன் சொன்ன ஐயாயிரம் முதல் ஆறாயிரம் என்ற எல்லைக்குள் அழகாக நின்றது. சூசை சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய்.

"ஒரு எஞ்சின் நிண்டா எப்பிடி?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதுதான் கொடுமை.

"ஊரில ஒரு எஞ்சினோடதானே கடல் முழுக்கத் திரிஞ்சனாங்கள். இதில ரெண்டு இருக்கு. ஒண்டு நிண்டா மற்றது கொண்டுபோகும்."

நான் தலையாட்டினேன். கடல்காரர் இருவர் சேர்ந்தால் விடக்கூடிய பிழை அது. கடலில் எஞ்சின் நின்றால் படகு மிதந்துகொண்டு கிடக்கும், யோசிக்க நேரம் இருக்கும். சென்லோரன்ஸ் ஆறு நேரம் தராது, நின்றவனைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டு எஞ்சின் சேர்ந்து இழுப்பதற்கென்று கொடுத்த பிட்ச்சை ஒரு எஞ்சினால் சுழற்றவே முடியாது. பாதி வேகம்கூட வராது. இது எனக்குப் புத்தகத்தில் தெரியும், ஆனால் அன்றைக்கு அந்தப் புத்தகத்தை நான் திறக்கவில்லை.

படிவத்தில் 'ஏற்றத்துடன்' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. மனக்கணக்குப் போட்டு ஐயாயிரத்து நூறு என்று எழுதினேன். கண்ணால் காணாத எண்.

திங்கள் காலை படிவத்தை நீட்டினேன். மதாம் நிக்கோல் கண்ணாடியை இறக்கிவிட்டு வரி வரியாகப் பார்த்தார். விரல் அந்தக் கட்டத்தில் நின்றது.

"ஏற்றத்தோடா?"

"ஓம். மணல் மூட்டை, பத்து."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்தார். களஞ்சியத் திறப்பு அவருடைய இடுப்பில்தான் தொங்கியது என்பது அப்போதுதான் என் புத்தியில் பட்டது. அவரிடம் மாற்றுத் திறப்பு பற்றி ஏதோ உளறப் போனேன். அதற்குள் மேலங்கியை மாட்டிக்கொண்டு, "வா, முதல் ஓட்டம்" என்று வெளியே நடந்துவிட்டார்.

துறையில் பத்து பேர் கருவிப் பெட்டிகளோடு ஏறினார்கள். அதில் எமில் என்று ஒரு வெல்டர், ஹெயிட்டிக்காரர், எல்லோருக்கும் பொன்சூர் என்று வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். சூசை மதாமைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். நான் மதாமோடு பின்னால் நின்றேன். வாயைத் திறந்து சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. ஏற்றத்தோடு எப்படியும் ஐயாயிரம் வந்துவிடும் என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

சூசை எஞ்சின்களை முழுதாக முடுக்கினார். சுற்று காட்டும் முள் நாலாயிரத்து அறுநூறில் ஏறி, அதற்கு மேல் அசையவில்லை. மதாம் நிக்கோல் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மிதவைக்குப் போவதற்கு இரண்டு வழி. கீழ்ப்பக்கமாகச் சுற்றி, நீரோட்டத்துக்கு எதிராக ஏறி ஒட்டுவது ஒன்று. மிதவைக்கு மேலே ஆற்றைக் குறுக்கே வெட்டிப்போய், மற்றப் பக்கத்தால் இறங்குவது மற்றது. எட்டு நிமிஷக் கணக்கில் நின்ற சூசை மேலால் வெட்டினார். மதாம் "கீழால், கீழால்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது எஞ்சின் ஒரு தடவை இருமியது, நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். ஆற்றில் மிதந்து வந்த நீலக் கயிறு ஒன்று புரொப்பெல்லரில் சுற்றிக் கட்டாகக் கிடந்தது. மிதவை எங்களுக்கு நேர் கீழே இருந்தது.

சூசை பதறவில்லை. முன்பக்கத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, இடது எஞ்சினை முழுதாகத் திறந்தார். "பயப்பிடாதேங்கோ அண்ணை, மற்றது இருக்கு." எஞ்சின் முக்கி முனகியது. முள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். நான் கரையில் ஒரு விளக்குக் கம்பத்தையும் அதன் பின்னால் ஒரு களஞ்சியத்தின் சிவப்புக் கதவையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பம் கதவின் நடுவில் இருந்தது. மெல்ல மெல்ல ஆறு வரும் பக்கத்து விளிம்புக்கு நகர்ந்தது. பிறகு கதவைத் தாண்டியது. எஞ்சின் முழு மூச்சில் ஓட, நாங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். ஆள் நடக்கும் வேகம்கூட இல்லை.

பின்னால் மிதவையின் தட்டையான இரும்பு முகம். ஆறு அதில் மோதி, நுரைத்து, அடியில் புகுந்து போனது. அதில் படகு பக்கவாட்டில் ஒட்டினால் ஆறு கவிழ்த்து அடியில் இழுத்துவிடும், அது எல்லோருக்கும் தெரியும்.

மதாம் நிக்கோல் என் தோளைப் பிடித்தார். "பிட்ச் எத்தனை?"

"பத்தொன்பது."

ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான். பிறகு அந்தக் குரல் வந்தது, நான் கேட்டே இராத குரல். "செத்த எஞ்சினைத் தண்ணீரிலிருந்து தூக்கு! நாலு பேர் முன்னுக்கு!" சூசையின் பிரெஞ்சு பொன்சூர், மெர்சி என்ற வணக்கம் நன்றியோடு முடிந்துவிடும். நான் தமிழில் கத்தினேன். வலது எஞ்சினை மேலே தூக்கினோம், ஆட்கள் முன்னே தவழ்ந்தார்கள். முள் மூவாயிரத்துக்கு வந்தது. படகு பின்னால் போவது குறைந்தது, நிற்கவில்லை.

மிதவையின் இடது மூலை கிட்ட இருந்தது. சூசை அந்தப் பக்கம் தப்பப் பார்த்துச் சக்கரத்தை இடதுக்கு ஒடித்தார். படகு கேட்கவில்லை. உயிரோடு இருந்தது இடது எஞ்சின். அது படகின் மூக்கை வலதுக்குத்தான் தள்ளும். அதை எதிர்த்துத் திருப்பியதில் இருந்த கொஞ்ச வலுவும் வீணாகியது.

"எதிர்க்காதே! வலதுக்கு விடு! மேலே ஏறப் பார்க்காதே, குறுக்கே போ!" என்று மதாம் கத்தினார். நான் தமிழில் திருப்பினேன்.

"சூசை, வலதுக்கு! வலதுக்கு விடும்! ஏறாதையும், குறுக்கால போம்!"

"அங்கால தூரம் அண்ணை, காணாது!"

"சொன்னதைச் செய்யும்!"

அவர் சக்கரத்தை விட்டார். மூக்கு வலதுக்குச் சாய்ந்தது. படகு ஆற்றுக்குக் குறுக்கே நண்டு மாதிரி நகரத் தொடங்கியது, நகர நகர மிதவையை நோக்கி இறங்கிக்கொண்டும் இருந்தது. மிதவையின் முழு அகலத்தையும் தாண்டவேண்டும். பாதி. முக்கால். மிதவை மேல் நின்ற ஆட்கள் இடி தாங்க ரயர்களைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டு ஓடினார்கள். நங்கூரக் கம்பியில் எங்கள் எஞ்சினின் அடி உரசிய சத்தத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. வலது மூலை கை எட்டும் தூரத்தில் வந்தது. எமில் நல்ல மனதோடு, எல்லோரையும் காப்பாற்றுகிற அவசரத்தில், கையை நீட்டி மிதவையைத் தள்ளினார். படகின் பின்பக்கம் அவர் கை வைத்த இடத்திலேயே இடித்தது. பிறகு நாங்கள் மிதவையைத் தாண்டி, அதன் கீழ்ப்பக்கத்து அமைதியான தண்ணீரில் இருந்தோம். எமில் அலறிக்கொண்டிருந்தார்.

வலது கையில் இரண்டு விரல் போனது.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். பட்டறை மேசையில் அந்தப் படிவம். இந்த எண் ஏற்றத்தோடு எடுத்ததா என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே மதாம் நிக்கோல் சொன்னார்: "இல்லை. நான் கேட்காமல் கையெழுத்து வைத்தேன். பொறுப்பு என்னுடையது." அதிகாரி எழுதிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, சேர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்றார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, வேறு எங்கும் வேலை கிடைக்காது என்ற பயம். "இல்லை" என்றேன். அடுத்த மாதம் மதாம் நிக்கோலைப் போகச் சொன்னார்கள். அவருடைய நாற்காலியை எனக்குத் தந்தார்கள். படிவத்தில் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். 'நிக்கோல் கேட்காமல் விட்டதால் வந்த வினை' என்று பட்டறையில் பேச்சு நிலைத்துவிட்டது. நான் அதைக் கேட்டும் கேட்காதவன் மாதிரி நடந்தேன்.

சூசை ஒப்பந்தத்தை இழந்தார், படகை விற்றார், இப்போது துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறார். தான்தான் அவசரப்படுத்தியதாக அதிகாரியிடம் அவராவது சொன்னார். ஒரு நாள் என் முகத்துக்கு நேரே கேட்டார்: "அந்த மனுசி உங்களுக்காகக் கழுத்தை நீட்டினது. நீங்கள் ஏன் அண்ணை வாய் திறக்கேல்லை?" அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பது குறைந்துவிட்டது.

உங்கள் மின்னஞ்சல் வந்த கிழமையே மொன்றியலின் மேற்கே கர்க்லாண்டுக்குப் போனேன். மதாம் நிக்கோல் அங்கே தங்கை குடும்பத்தோடு இருக்கிறார். "மதாம் என்றால் கதவைச் சாத்துவேன்" என்றபடி உள்ளே விட்டார். நான் உண்மையை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். என்னைக் காப்பாற்ற நீங்கள் பழியை ஏற்றீர்கள், அதற்கு இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அழுதுவிட்டேன்.

நான் அழுது முடித்ததும் அவர் சொன்னார்:

"பத்து மணல் மூட்டை ஏற்றி இறக்கிய படகில் மணல் கிடக்கும். அந்தத் தளம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. ஏறும்போதே கண்டேன்."

"கண்டீர்களா? பிறகு ஏன் விட்டீர்கள்?"

"உன் சிநேகிதன் முன்னால், அந்தப் பத்து பேர் முன்னால், உன்னைப் பொய்யன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு ஓட்டம் போய்வந்து தனியே கேட்கலாம் என்று நினைத்தேன். அந்தப் பத்து பேரையும் கரையில் இறக்கியிருக்கவேண்டும். பொறுப்பு என்னுடையது என்று நான் சொன்னது உனக்காக இல்லை, தவா. அது என் பிழை. எழுதுவதென்றால் இரண்டையும் எழுது."

எழுதிவிட்டேன். வரியை எடுக்கவேண்டாம். அதோடு, அவர் கேட்காமல் கையெழுத்து வைத்தார் என்று இனி யாரும் சொல்லவேண்டாம். அவர் கேட்டார். நான் பொய் சொன்னேன்.

உங்களுக்கு அனுப்ப முன் இதைக் கேட்கவேண்டிய இன்னொருவர் இருந்தார். நேற்றுப் பின்னேரம் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய் போய், எமிலின் வரவேற்பறையில் உட்கார்ந்து, முழுவதையும் பிரெஞ்சில் சொன்னேன். கோப்பி ஊற்றித் தந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் எழுந்து போனார், வாசற்கதவைத் திறந்தார், அதை மூன்று விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.